டிரெஸ்ஸர் அக்காவின் ஐந்தாவது நிறுத்தம்

முதல் நாள் நடை முடிந்து கூட்டம் கலைந்ததும் டிரெஸ்ஸர் அக்கா, மொழிபெயர்க்க வந்த புதுப் பெண்ணிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவள் இரண்டு மடக்கு குடித்து மூடியைத் திருகும்வரை பொறுத்திருந்தாள். பிறகு கேட்டாள்.

“அஞ்சாவது நிறுத்தத்துல நான் சொன்னதை அவங்ககிட்ட சொன்னியா?”

“சொன்னேங்க்கா.”

“என்ன சொன்ன?”

“அந்தக் காலத்துல அம்மைக்கான தடுப்பு மருந்து குழந்தைங்க மூலமா இந்த ஊருக்கு வந்துச்சுன்னு சொன்னேன்.”

“அவ்வளவுதானா?”

“அர்த்தம் அதுதானேக்கா.”

“நான் அர்த்தத்தைக் கேக்கல. மூச்சு வாங்க மூணு நிமிஷம் பேசினேன். நீ ஒரு தும்மல் போடுற நேரத்துல முடிச்சுட்ட.”

“அந்த மொழியில சுருக்கமா சொல்லலாம்க்கா.”

“சுருக்கமா சொல்லலாமா, இல்ல சொல்லாமலே விடலாமா?”

அவள் ஏற்கெனவே இறுகியிருந்த மூடியை இன்னும் இறுக்கினாள். “உங்களுக்குத்தான் அந்த மொழி தெரியாதே,” என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. “மொழி தெரியாது. மூஞ்சி தெரியும். அந்த மூணு பிள்ளைங்களைப் பத்திச் சொன்னா கேக்குறவங்க முகம் ஒரு மாதிரி ஆகும். இன்னிக்கு ஒருத்தருக்கும் ஆகல. தொப்பி போட்டவன் கொட்டாவி விட்டான். அப்ப நீ சொல்லல.”

“சொல்லக் கூச்சமா இருந்துச்சுக்கா.”

“யாருக்காகக் கூச்சம்?”

அவள் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள்.

“சரி, விடு. உன் குரல் வேற கொசு பாடுற மாதிரி இருக்கு. இனிமே உன் பேரு மைக்செட்டு. பேராவது சத்தமா இருக்கட்டும்.”

இப்படித்தான் அவர்கள் இருவரும் பழகத் தொடங்கினார்கள். பள்ளியில் ஒரு மொழி, கல்லூரியில் இன்னொரு மொழி என்று படித்துவிட்டு, இரண்டிலும் அதிகம் பேசாத பெண் அவள். “வார்த்தைய எண்ணி எண்ணி வெளியே விடுறா, வட்டி கிடைக்கும்னு நினைக்கிறா போல,” என்பாள் அவளுடைய அம்மா. அப்படிப்பட்டவளுக்கு அடுத்தவர் பேசியதைத் திருப்பிப் பேசும் வேலை கிடைத்தது. பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் அறக்கட்டளை, சனிக்கிழமைதோறும் நகரத்தின் மருத்துவ வரலாற்றைக் காட்டும் நடை ஒன்றை நடத்தியது. வழிகாட்டி டிரெஸ்ஸர் அக்கா. வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் மொழிபெயர்க்க இவள். மூன்று மாதம் வேலையைப் பார்ப்பார்கள், பிடித்தால்தான் நிரந்தரம்.

அக்காவுக்கு அப்போது வயது நாற்பத்தொன்பது. ஒல்லியான உடம்பு, பெரிய உள்ளங்கை, தேய்ந்த குதிகால் செருப்பு. நடை முழுக்கப் பின்னோக்கியே நடப்பாள். முகம் கூட்டத்தைப் பார்த்திருக்கும், முதுகு வழியைப் பார்த்திருக்கும். எந்தக் கல் பெயர்ந்திருக்கிறது, எந்தப் படி அரை விரல் உயரம் அதிகம் என்பதெல்லாம் அவள் குதிகாலுக்கு அத்துப்படி. அந்தக் கட்டடம் ஆஸ்பத்திரியாக இருந்த காலத்தில் இருபத்திரண்டு வருடம் அங்கே டிரெஸ்ஸர் வேலை பார்த்தவள். புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, துணி சுற்றி, மறுநாள் அதைப் பிரித்து மறுபடி சுற்றுவது.

சுற்றுவது யாருக்கும் வந்துவிடும், பிரிப்பதில்தான் ஆள் தெரியும் என்பாள். காய்ந்த காஸ் துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். உப்புத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, மெல்ல எடுக்க வேண்டும். எடுக்கும்போது புண்ணைப் பார்க்கக் கூடாது, நோயாளியின் முகத்தைப் பார்க்க வேண்டும். புருவம் நெரிந்தால் கை நிற்க வேண்டும். ஒரு நாள் பெரிய சர்ஜன் வார்டுக்கு வந்தார். கூடவே பத்து மாணவர்கள்.

“பிரிம்மா, சீக்கிரம்.”

“ஊறட்டும் சார்.”

“எனக்கு நேரமில்ல.”

“அடுத்த கட்டிலைப் பாத்துட்டு வாங்க சார். உங்களுக்கு நேரம்தான் போகும். இவருக்கு உயிரே போகும்.”

கட்டிலில் கிடந்தவர் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மறுநாள் மெமோ வந்தது. அப்படி வந்தவை மொத்தம் பதினொன்று. அக்கா எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரு கோப்பில் போட்டு, பீரோவில் மகளின் பள்ளிச் சான்றிதழ்களுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அவளுடைய கணவர் புதிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஆபரேட்டர். “ஊர்ல இருக்கிற எல்லாரையும் நான் மேல ஏத்தி விடுறேன். என் வீட்டுக்காரி மட்டும் மேல ஏறவே மாட்டேங்குறா,” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஐந்தாவது நிறுத்தத்தின் கதை அக்காவுக்குக் கிடைத்ததும் காஸ் துணியால்தான். ஆஸ்பத்திரி இடம் மாறுவதற்கு முந்தைய வருடம் பெரிய மழையில் ஆவண அறையின் கூரை ஒழுகி, பழைய பதிவேடுகள் நனைந்துவிட்டன. தலைமை எழுத்தர் டிரெஸ்ஸர்களைக் கூப்பிட்டு அனுப்பினார். ஈரத் தாள்களைக் கிழியாமல் பிரித்து, இடையில் காஸ் வைத்து உலர்த்த வேறு யாருக்குக் கை வரும்? அக்கா நான்கு நாள் அங்கே உட்கார்ந்தாள். ஐந்தாவதோ ஆறாவதோ எடுத்தது ஒரு மெலிந்த பதிவேடு. எழுத்து அந்த இன்னொரு மொழியில் இருந்தது. எண்கள் மட்டும் புரிந்தன. ஒரு பத்தி முழுக்கச் சின்னச் சின்ன எண்கள்: 4, 6, 5, 3, 7.

“இது என்ன சார், மாத்திரைக் கணக்கா?” என்று எழுத்தரிடம் கேட்டாள்.

அவர் கண்ணாடியை மேலே தள்ளிப் பார்த்தார். “வயசும்மா.”

அன்று மாலைக்குள் அவரை உட்காரவைத்து முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டாள். ஐஸ் இல்லாத காலம். மருந்தை அடைத்து அனுப்பினால் வழியிலேயே செத்துவிடும். மனித உடம்புக்குள்தான் அது உயிரோடு இருக்கும். அதனால் துறைமுகத்து அநாதை விடுதியிலிருந்து இருபத்திரண்டு குழந்தைகளை மாட்டு வண்டிகளில் ஏற்றினார்கள். இரண்டு பேர் கையில் கீறி மருந்தைத் தடவுவார்கள். எட்டாம் நாள் அங்கே கொப்புளம் பழுத்து நீர் கட்டும். அந்த நீரை எடுத்து அடுத்த இரண்டு பேர் கையில் வைப்பார்கள். ஒரு கை பழுதானாலும் இன்னொரு கை இருக்கட்டும் என்றுதான் இரண்டிரண்டு பேர். இப்படி எண்பத்தெட்டு நாள், கையிலிருந்து கைக்கு மாறி, மருந்து இந்த ஊருக்கு வந்து சேர்ந்தது. பதிவேட்டில் குழந்தைகளுக்குப் பெயர் இல்லை. எண், வயது, இடது கை அல்லது வலது கை, அவ்வளவுதான். மூன்று எண்களுக்கு எதிரே மட்டும் கூடுதலாக ஒரு வரி இருந்தது. எழுத்தர் அதைக் குரலைத் தாழ்த்திப் படித்தார். “கை வீங்கியது. பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.”

“நீக்கி எங்க சார் வச்சாங்க?”

அவர் பக்கத்தைப் புரட்டினார், இன்னொன்றையும் புரட்டினார். “அது எழுதலைம்மா.”

அக்கா தன் ஐந்தாவது நிறுத்தத்தை அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் கட்டினாள். முதல் நிறுத்தம் நோயாளிகள் வரும் வாசல். பிறகு மருந்துக் கடைச் சந்து, கூரையில் கண்ணாடி பதித்த அறுவை அறை, அட்டைப் பூச்சிகளை வளர்த்த கல் தொட்டி. ஐந்தாவது, பின்கட்டில் நீளமான தடுப்பூசி அறை. சுவரில் ஒரு கல்வெட்டு. “இதுல மருந்து கொண்டாந்த டாக்டர் பேர் இருக்கு. கட்டடத்துக்குக் கல்லு கொடுத்தவர் பேர் இருக்கு. கல்லு செதுக்கினவர்கூட மூலையில தன் பேரை வச்சுட்டுப் போயிட்டார். மருந்தைத் தூக்கிட்டு வந்தவங்க பேர் எங்க?” என்று தொடங்குவாள். “அன்னிக்குப் பாட்டில் கிடையாது. பிள்ளைங்கதான் பாட்டில்,” என்பாள். கடைசியில் அந்த மூன்று பேர்.

முதல் நாள் பேச்சுக்குப் பிறகு மைக்செட் ஒரு சொல்லையும் விடவில்லை. ‘பாட்டில்’ என்றால் பாட்டில், ‘நீக்கி’ என்றால் நீக்கி. முகங்கள் மாறின. அக்கா அதைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டிவிட்டு ஆறாவது நிறுத்தத்துக்குப் பின்னோக்கி நடப்பாள். இரண்டு மாதம் இப்படிப் போனது.

அறக்கட்டளையின் செயலாளர் ஓய்வுபெற்ற கண் டாக்டர். யாரிடமும் குரல் உயர்த்தாதவர். கட்டடம் கைக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், ரத்தக்கறை ஊறிய பழைய அறுவை மேஜையைத் தேய்த்துப் பளபளவென்று வார்னிஷ் அடித்தது. அன்றிலிருந்து அக்காவுக்கு அவர் ‘வார்னிஷ்’. அவர் ஒரு புதன்கிழமை மைக்செட்டைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“சனிக்கிழமை ஒன்பது பேர் வெளிநாட்டுல இருந்து வர்றாங்க. எல்லாரும் டாக்டருங்க. அவங்க நல்லபடியா எழுதினா இந்தக் கட்டடத்துக்கு உலக அளவுல ஒரு பேர் கிடைக்கும். உனக்குப் புரியும், ரெண்டு மொழியிலயும் படிச்ச பொண்ணு.” ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். “அந்தம்மா வழக்கம்போல பேசட்டும். அவங்களை யாரும் தடுக்க வேண்டாம், மனசு கஷ்டப்படும். அஞ்சாவது நிறுத்தத்துல நீ மட்டும் இதைப் படிச்சிடு. அவங்களுக்கு எப்படித் தெரியப் போகுது?”

தாளில் எல்லாம் அழகாக எழுதியிருந்தது. நீண்ட பயணம், மருத்துவரின் தியாகம், கடைசியில் ஒரு வரி: ‘குழந்தைகளும் இந்த நற்பணியில் மகிழ்வுடன் பங்கேற்றனர்.’

“இந்த மாசக் கடைசியில உன் வேலை விஷயம் முடிவு பண்ணணும். நல்லபடியாவே முடியும்,” என்றார்.

அவள் பேசாமல் தாளை மடித்தாள். பேசாமலிருப்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழகிப்போன ஒன்று. அதைப் பெரியவர்கள் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதும் பழகிப்போனதுதான். வியாழனும் வெள்ளியும் அக்காவிடம் சொல்ல வாயெடுத்தாள், முடியவில்லை. வேலை போனால் அம்மாவிடம் என்ன சொல்வது என்ற நினைப்பு ஒரு பக்கம். தடுப்பு மருந்தால் ஊர் பிழைத்தது உண்மைதானே, ஒரு நாள் ஒரு வரி மாறினால் என்ன குடி முழுகிவிடும் என்ற சமாதானம் இன்னொரு பக்கம்.

சனிக்கிழமை காலை ஒன்பது டாக்டர்களும் வந்தார்கள். செயலாளரும் கூடவே நடந்தார். அக்கா அன்று நல்ல உற்சாகத்தில் இருந்தாள். அட்டைத் தொட்டியருகே, “சில ஆளுங்க அட்டையை விட நல்லா ஒட்டிக்குவாங்க, ஆனா ஒரு வியாதியும் தீராது,” என்று செயலாளரைப் பார்க்காமலே சொன்னாள். மைக்செட் அதை மொழிபெயர்க்க, விருந்தினர்கள் சிரித்தார்கள். செயலாளரும் சேர்ந்து சிரித்தார்.

ஐந்தாவது நிறுத்தத்தில் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். மைக்செட் தாளைப் பிரித்துப் படித்தாள். கடைசி வரி வந்ததும் ஒன்பது பேரும் புன்னகைத்தார்கள். ஓர் அம்மாள் நெஞ்சில் கைவைத்து, ‘எவ்வளவு அழகு’ என்பதுபோல் ஏதோ சொன்னாள்.

அக்கா அந்தப் புன்னகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தாள். பிறகு செயலாளரை.

“மூணு பிள்ளைங்க காணாமப் போனதைச் சொல்லிருக்கேன், இவங்க சிரிக்கிறாங்க,” என்றாள். “என்ன படிச்ச?”

மைக்செட் தாளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“சரி. உன்கூட நாளைக்குச் சண்டை போடுறேன். இன்னிக்கு வேலை இருக்கு.”

“அம்மா, நேரமாச்சு, அடுத்த இடத்துக்குப் போலாம்,” என்றார் செயலாளர்.

“ஊறட்டும் சார்.”

அக்கா தன் பேனாவை எடுத்தாள். பேசவில்லை. முதலில் நின்ற உயரமான டாக்டரின் சட்டைக் கையை, உத்தரவு கேட்காமலே முழங்கைக்கு மேல் சுருட்டினாள். இருபத்திரண்டு வருடம் சுருட்டிய கை. அவர் தன்னையறியாமல் கையை நீட்டிக் கொடுத்தார். அங்கே மசியால் ஒரு புள்ளி வைத்தாள். எட்டு விரலை உயர்த்திக் காட்டினாள். தன் உள்ளங்கையைத் தரைக்கு மேலே நான்கு வயதுக் குழந்தையின் உயரத்தில் வைத்துக் காட்டினாள். பிறகு அந்தப் புள்ளியைப் பேனாவால் தொட்டு, அடுத்தவர் கையில் வைத்தாள். மறுபடி எட்டு விரல். மறுபடி உள்ளங்கை, இந்த முறை இன்னும் தாழ்வாக. ஒருவர் கை அடுத்தவர் தோளில் இருக்க, மளமளவென்று வரிசை உருவானது. அவர்கள் டாக்டர்கள், இரண்டாவது புள்ளியிலேயே புரிந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை.

நான்காவதாக நின்றவள் நெஞ்சில் கைவைத்த அந்த அம்மாள். அவள் கையில் புள்ளி வைத்த அக்கா, கன்னத்தை ஊதிக் காட்டி, வீக்கம் என்று சைகை செய்தாள். பிறகு அவளைத் தோளைப் பிடித்து வரிசையிலிருந்து விலக்கி, பின்வாசல் வழியாக வெளியே கொண்டுபோய் நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டாள். திரும்பி வந்து, அவள் நின்ற இடத்து இடைவெளியை மூடி வரிசையை நெருக்கினாள். ஐந்தாமவருக்குப் புள்ளி வைத்தாள். எட்டு விரல்.

வெளியேயிருந்து கதவு மெல்லத் தட்டப்பட்டது. அக்கா திறக்கவில்லை.

உயரமான டாக்டர் மைக்செட்டின் பக்கம் திரும்பினார். “கதவுக்கு வெளியே போனவர்களுக்கு என்ன ஆயிற்று? இவர் உண்மையில் என்ன சொன்னார்?” என்று அவர் மொழியில் கேட்டார்.

செயலாளர் அவசரமாக அவள் பக்கம் வந்தார். “நடிப்பு, பழைய கதைன்னு சொல்லும்மா.”

மைக்செட் தாளை நான்காக மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள். பிறகு சொன்னாள். கொசுக் குரல் இல்லை. சாத்திய கதவுக்கு வெளியே நின்றவளுக்கும் கேட்கும் குரல். எண்பத்தெட்டு நாள், இருபத்திரண்டு பிள்ளைகள், பாட்டில், வீக்கம், நீக்கப்பட்டது, எங்கே என்று எழுதவில்லை. நான் முன்பு படித்தது இவர் பேச்சு இல்லை, வேறு ஒருவர் எழுதிக் கொடுத்தது, தெரிந்தேதான் படித்தேன் என்பதையும் சொன்னாள். அதைச் சொல்லும்போது காது மடல் சுட்டது, ஆனாலும் நிறுத்தவில்லை.

“இதற்கு ஆதாரம் இருக்கிறதா?” என்று கேட்டார் வயதான டாக்டர் ஒருவர். அவள் அதை அக்காவுக்குத் திருப்பிச் சொன்னாள்.

“இருக்கே. ரிஜிஸ்டர் பீரோவுல இருக்கு. பீரோ ஆபீஸ்ல இருக்கு. சாவி இதோ, சார் பாக்கெட்ல இருக்கு.”

ஒன்பது பேரில் உள்ளே இருந்த எட்டுப் பேரும் செயலாளரின் பாக்கெட்டைப் பார்த்தார்கள். அக்கா போய்க் கதவைத் திறந்தாள். அந்த அம்மாள் உள்ளே வந்தாள், கையிலிருந்த புள்ளியைத் துடைக்கவில்லை. அரை மணி நேரத்தில் பதிவேடு மேஜைமேல் விரிந்து கிடந்தது.

விருந்தினர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். திங்கட்கிழமை அக்காவின் வழிகாட்டி பேட்ஜைச் செயலாளர் கேட்டு வாங்கிக்கொண்டார். குரல் உயர்த்தவில்லை. விருந்தினரிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டதற்கு, அவர்கள் மொழியிலேயே ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் பேட்ஜைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். கடிதத்தை எழுத வேண்டியவள் மைக்செட். அதை ஒழுங்காக எழுதினால் அவள் செய்ததையும் மறந்துவிடலாம் என்று அவளிடம் தனியாகச் சொன்னார்.

அன்று மாலை அவள் அக்காவின் வீட்டுக்குப் போனாள். இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. கதவைத் திறந்த கணவர், “பாத்தியாம்மா, ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட்டுறவன் வீட்டுக்குப் படி ஏறி வர்ற,” என்றார். பன்னிரண்டாவது மெமோவா என்று உள்ளேயிருந்து மகள் கேட்டாள். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். போர்வைகூட அவள் கையில் பேண்டேஜ் மாதிரி மடிந்தது.

“ஞாயித்துக்கிழமை என்கூடச் சண்டை போடுறேன்னு சொன்னீங்க,” என்றாள் அவள். “நான் வந்திருக்கணும். வரல.”

“எனக்குப் பதிலா நீயே உன்கூடச் சண்டை போட்டிருப்பே, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. உக்காரு.”

அவள் செயலாளர் சொன்னதை ஒரு வரி விடாமல் சொன்னாள். தன்னிடம் தனியாகச் சொன்னதையும் சேர்த்தே சொன்னாள். கணவர் டீ டம்ளரைக் கொண்டுவந்து வைத்தார். அக்கா கடைசிப் போர்வையையும் மடித்து அடுக்கின்மேல் வைத்தாள். நேராக உட்கார்ந்தாள்.

“கடுதாசி வேணும்னா தாராளமா கொடுத்துடுவோம்,” என்றாள். “நீதான் எழுதணும். ஆனா மன்னிப்புங்கிற வார்த்தை எங்கயும் வரக் கூடாது. வருத்தமும் வேண்டாம், அது மன்னிப்போட தங்கச்சி. மூணே வரி போதும். நான் சொன்னேன், அது ஒண்ணு. சொன்னது நீங்க பாத்த ரிஜிஸ்டர்லயே இருக்கு, அது ரெண்டு. வர்ற சனிக்கிழமை காலையில ஏழு மணிக்கு வாசலுக்கு வெளியே, ரோட்டுல நின்னு நடையை ஆரம்பிப்பேன். பேட்ஜ் இல்லாம நடக்கலாம், ரோடு யாரோட பாக்கெட்லயும் இல்ல, அது மூணு. உன் வேலைக்கு ஆபத்துன்னா இப்பவே சொல்லிடு, வேற ஆளைப் பிடிச்சுக்கறேன், கோவிச்சுக்க மாட்டேன். எழுதுறேன்னா இன்னும் ஒண்ணு செய்யணும். கீழ கையெழுத்தை நான் அந்த மொழியிலயே போடணும். என் பேரை அதுல எப்படி எழுதுறதுன்னு ஒரு தாள்ல பெருசா எழுதிக் காட்டும்மா.”